தேயிலைத் தொழிற்சாலையில் உடல் நோகாத வேலைமுறை: புதிதாகச் சேர்ந்த மேற்பார்வையாளருக்கு

நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர், குந்தா பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராகவோ பராமரிப்புப் பிரிவிலோ நீங்கள் இப்போதுதான் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இலை வாடும் பதத்தையும், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி ரோலரின் பல் தேய்வதையும், அதை உலர்த்தும் ட்ரையரின் வெப்பத்தையும், தூளில் நிற்க வேண்டிய ஈரத்தையும் முதல் வாரத்திலேயே உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்த வேலைகளை ஆண்டுக்கணக்கில் செய்கிறவர்களின் இடுப்பும் தோள்பட்டையும் முழங்காலும் என்னவாகின்றன என்பதைச் சொல்லித் தர ஆள் கிடைப்பது அரிது. பாடநூல்கள் பணிச்சூழலியல் என்றும், வெளியிலிருந்து வரும் ஆலோசகர்கள் எர்கனாமிக்ஸ் என்றும் சொல்கிற இந்தத் துறையின் வேலை, செய்கிறவருடைய உடலின் அளவுக்கும் வலுவுக்கும் ஏற்றபடி கருவியையும் மேசையையும் நடைபாதையையும் நேரத்தையும் அமைத்துக் கொடுப்பதுதான். அதைத் தொடங்க உங்களுக்குத் தேவைப்படுவன ஓர் அளவு நாடா, ஒரு நோட்டு, சுண்ணாம்புக்கட்டி, கையிலிருக்கும் போன் ஆகியவை மட்டுமே.

தூக்கும் கணக்கு

முதல் நாள் ஒரு கணக்குப் போடுங்கள். உங்கள் ஆலைக்கு ஒரு நாளில் 10,000 கிலோ பச்சை இலை வருவதாகக் கொள்வோம். லாரியிலிருந்து வலைப்பைகளை இறக்கும்போது அந்த 10,000 கிலோவும் மனிதக் கைகளால் ஒரு முறை தூக்கப்படுகிறது. நாம் ட்ரஃப் என்று சொல்லும் வாட்டும் தொட்டிகளில் கொட்டிப் பரப்பும்போது மறுபடியும் 10,000 கிலோ தூக்கப்படுகிறது. வாடிய இலை ஏறத்தாழ முக்கால் பங்கு எடைக்கு இறங்கியிருக்கும். அதை வாரிச் சேர்க்கும்போது 7,500 கிலோ, சிடிசி வரிசைக்குப் போகும் வாயில் கொட்டும்போது இன்னொரு 7,500 கிலோ. நாலரைக் கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள் என்ற வழக்கமான கணக்கில் கடைசியில் தேறுவது சுமார் 2,200 கிலோ தூள். அது ட்ரையரடியிலிருந்து சல்லடைக்கும், சல்லடையிலிருந்து தூள் சேர்த்துவைக்கும் தொட்டிக்கும், தொட்டியிலிருந்து மூட்டைக்கும், மூட்டையாக அடுக்குக்கும் என்று நான்கு முறை கைமாறினால் 8,800 கிலோ. கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 44 டன் வருகிறது. அதாவது ஒரு கிலோ தூள் வெளியே போவதற்கு யாரோ சிலர் 20 கிலோ தூக்கியிருக்கிறார்கள்.

உங்கள் ஆலையில் கன்வேயர் எங்கெங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து இந்த எண் கூடும், குறையும். அதனால் என் எண்ணை எடுத்துக்கொள்ளாமல் உங்கள் எண்ணை நீங்களே நடந்து பார்த்து எழுதுங்கள். இலை இறங்கும் இடத்திலிருந்து மூட்டை ஏறும் இடம் வரை நடந்து, மனிதக் கை எடையைத் தாங்கும் ஒவ்வோர் இடத்திலும் தரையில் சுண்ணாம்பால் ஒரு குறி போட்டு வாருங்கள். நான் வேலை பார்த்த ஆலையில் அப்படிக் குறி போட்டபோது, சல்லடைக்கும் தொட்டிக்கும் நடுவே இருந்த இரண்டு தூக்கல்கள் தேவையே இல்லாதவை என்று தெரிந்தது: தூளைத் தரையில் இருந்த டப்பில் பிடித்து, அந்த டப்பை இடுப்புக்கு உயர்த்தி, வேறு டப்பில் கவிழ்த்து, அதை மீண்டும் தொட்டிக்குத் தூக்கிக்கொண்டிருந்தோம். முன்னொரு காலத்தில் இருந்த ஓர் இயந்திரம் போன பிறகும் அந்த நடைமுறை மட்டும் தங்கிவிட்டது. எந்த மேம்பாட்டிலும் முதலில் தேட வேண்டியது இப்படி அடியோடு எடுத்துவிடக்கூடிய தூக்கல்களைத்தான். மீதியைத்தான் எளிதாக்க வேண்டும்.

மலைச்சரிவு நமக்குத் தரும் ஒரு வசதியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சமவெளி ஆலைகளைப் போல நம் ஆலைகள் ஒரே மட்டத்தில் பரந்து கிடப்பதில்லை. வாட்டும் தளம் மேலேயும் இயந்திரத் தளம் கீழேயும் இருப்பது இங்கே பழைய வழக்கம். மேல்சாலை வாட்டும் தளத்துக்குச் சமமாகப் போகிற இடமாக இருந்தால், லாரியைக் கீழே நிறுத்திப் பைகளை மேலே ஏற்றுவதை விட்டு, ஒரு பலகைப் பாலத்தின் வழியே நேராக மேல்தளத்துக்குள் இழுத்துவிடலாம். வாடிய இலை சரிவுக் குழாய் வழியே தானாகக் கீழே இறங்கும். இந்த வாய்ப்பு இருந்தும் பயன்படுத்தாமல், பழக்கத்தால் கீழே இறக்கி மேலே சுமக்கும் ஆலைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு வேலையின் முன்னால் நில்லுங்கள்

கணக்கு முடிந்ததும், குறி அதிகம் விழுந்த இடத்தில் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். முழு ஆலையையும் ஒரே மூச்சில் திருத்தப் புறப்படுகிறவர்கள் இரண்டாம் மாதத்தில் சோர்ந்துவிடுகிறார்கள். தேர்ந்தெடுத்த வேலையின் முன்னால் 20 நிமிடம் பேசாமல் நின்று பாருங்கள். பகலில் மட்டும் பார்த்தால் போதாது. இலை மாலையில் வந்து, இரவில் வாடி, நள்ளிரவுக்கு மேல் அரைபடும் ஆலைகளில் உடம்பு உண்மையாகக் களைத்துப்போவது விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குத்தான். அந்த நேரத்தில் போய்ப் பார்க்காத மேற்பார்வையாளருக்கு அந்த வேலை தெரியாது என்றே சொல்வேன்.

பார்க்கும்போது, இடுப்பு எத்தனை முறை வளைகிறது, வளைந்தபடியே திரும்புகிறதா, கை தோளுக்கு மேலே போகிறதா, ஒரே நிலையில் எவ்வளவு நேரம் நிற்கிறார், மணிக்கட்டு எந்தப் பக்கம் மடங்குகிறது என்பவற்றை எழுதிக்கொள்ளுங்கள். அனுமதி கேட்டு, பக்கவாட்டிலிருந்து இரண்டு நிமிடம் போனில் படம் பிடித்துக்கொள்வது நல்லது. கேட்காமல் பிடித்தால் மறுநாள் முதல் யாரும் உங்கள் முன் இயல்பாக வேலை செய்ய மாட்டார்கள். இதையே மதிப்பெண் போட்டுப் பார்க்க, கைகளுக்கு ரூலா, முழு உடலுக்கு ரீபா என்ற முறைகள் இருக்கின்றன. அவற்றைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். தொடக்கத்தில் கண்ணும் நோட்டும் போதும்.

அடுத்தது கேட்பது. ‘வலி இருக்கிறதா?’ என்று நேராகக் கேட்டால் ‘ஒன்றும் இல்லை சார்’ என்ற பதில்தான் வரும், ஏனென்றால் வலி என்று சொன்னால் வேலையை மாற்றிவிடுவார்களோ, குறைத்துவிடுவார்களோ என்ற அச்சம் எல்லோருக்கும் உண்டு. ஆகவே மனித உடலின் பின்பக்கத்தை ஒரு தாளில் வரைந்து, பெயர் எழுதாமல், நோகும் இடத்தில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். தமிழும் படுகும் பேசுகிறவர்களோடு ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களும் நம் ஆலைகளில் நிற்கிறார்கள். படத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. பெண்கள் நிற்கும் பிரிவில் அந்தத் தாளை நீங்கள் கொண்டு போகாதீர்கள். அங்கே எல்லோரும் மதிக்கும் மூத்த அக்கா ஒருவரிடம் கொடுத்து, சாப்பாட்டு இடைவேளையில் அவரே வாங்கித் தரட்டும். எங்கள் சல்லடைப் பிரிவில் 11 பேர் புள்ளி வைத்தபோது அவற்றில் ஒன்பது வலது தோளில் விழுந்திருந்தன. அந்தத் தோள் ஒவ்வொரு நாளும் எதை எட்டிக்கொண்டிருந்தது என்று அதன் பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்: தொட்டியின் விளிம்பு அவர்களுடைய தோள் மட்டத்தில் இருந்தது.

அளவுகள்

உயரம் பற்றிய எல்லாக் கேள்விக்கும் விடை முழங்கையில் இருக்கிறது. காலில் வேலைக்குப் போடும் செருப்போ பூட்ஸோ இருக்க, நிமிர்ந்து நின்று, கையைச் செங்கோணமாக மடித்து, தரையிலிருந்து முழங்கை வரை அளவெடுங்கள். 152 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு இது ஏறத்தாழ 95 சென்டிமீட்டராகவும், 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஓர் ஆணுக்கு 104 சென்டிமீட்டரை ஒட்டியும் வரும். கூர்ந்து பார்த்துப் பொறுக்கும் வேலைக்கு மேசை முழங்கையைவிட 5 முதல் 10 சென்டிமீட்டர் மேலே இருக்கலாம். சாதாரணமாகக் கையால் செய்யும் வேலைக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். உடல் எடையைக் கொடுத்து அழுத்தும் வேலைக்கு அதற்கும் கீழே. உயரமானவரும் குட்டையானவரும் ஒரே மேசையில் மாறி மாறி நிற்பதாக இருந்தால், உயரமானவருக்கு மேசையை அமைத்து, மற்றவருக்கு அகலமான, வழுக்காத மிதிபலகை கொடுங்கள். பலகை குறுகலாக இருந்தால் இரவில் அதுவே கால் இடறும் இடமாகிவிடும்.

எடைக்கு ஒரு நல்ல அளவுகோல் உண்டு. அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் 1991-இல் திருத்தி அமைத்த தூக்கும் சமன்பாட்டின்படி, எல்லாம் சாதகமாக இருக்கும்போதுகூட ஒருவர் தூக்கப் பரிந்துரைக்கும் எடை 23 கிலோதான். சாதகம் என்றால், சுமை உடலிலிருந்து 25 சென்டிமீட்டருக்குள், தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில், திரும்பாமல், எப்போதாவது ஒரு முறை தூக்குவது. சுமை 50 சென்டிமீட்டர் தள்ளிப் போனால் அந்த 23 பாதியாகிறது. தரையிலிருந்து எடுத்தால் 18 கிலோவுக்குக் கீழே இறங்குகிறது. உடலைச் செங்கோணமாகத் திருப்பினால் இன்னும் கால் பங்குக்கு மேல் குறைகிறது. தரையில் கிடக்கும் மூட்டையை 40 சென்டிமீட்டர் தள்ளி நின்று தூக்குகிறவருக்கு இந்தக் கணக்கு அனுமதிப்பது 11 கிலோ. நம் தூள் மூட்டைகளோ பெரும்பாலும் 30 கிலோவைத் தாண்டும். மூட்டையின் எடையை நாம் உடனே மாற்ற முடியாமல் போகலாம், ஏனென்றால் அது ஏல மையத்தையும் வாங்குகிறவரையும் சார்ந்தது. ஆனால் அந்த மூட்டை தரையைத் தொடாமல் பார்த்துக்கொள்வது முழுக்க நம் கையில் இருக்கிறது.

வாட்டும் தொட்டி

எங்கள் பக்கத்துத் தொட்டிகள் பல ஆறடி அகலம் கொண்டவை. இரு பக்கத்திலிருந்தும் வேலை செய்தாலும் நடுப்பகுதிக்கு மூன்றடி, அதாவது 90 சென்டிமீட்டர், எட்ட வேண்டும். மேலே சொன்ன சமன்பாடு 63 சென்டிமீட்டருக்கு அப்பால் தூக்கலாம் என்று எந்த எடையையும் ஒப்புக்கொள்வதில்லை. அதன் விடை பூஜ்யம். ஆனால் ஈர இலையை அந்தத் தூரத்தில்தான் பெண்கள் கையால் வாரிப் பரப்புகிறார்கள், அதுவும் விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு. இந்த இடத்துக்கு முதலில் தேவைப்படுவது நீண்ட கைப்பிடி கொண்ட, எடை குறைந்த மூங்கில் வாரி. இரும்பில் செய்து கொடுத்தால் யாரும் தொட மாட்டார்கள்; பிடி உள்ளங்கைக்குள் வசதியாக அடங்கும் தடிமனில் இருக்க வேண்டும், ஈரத்தில் வழுக்காமல் இருக்க அதில் துணியோ ரப்பரோ சுற்ற வேண்டும். விளிம்பின் தகட்டை மடித்து ரப்பர் பட்டை பொருத்தினால் வயிற்றிலும் தொடையிலும் அறுப்பது நின்றுவிடும்.

பைகளைத் தொட்டியின் ஒரு முனையிலேயே குவித்துவிட்டு அங்கிருந்து கையால் கடத்துவதைவிட, தொட்டி நெடுக ஆறேழு அடிக்கு ஒரு பை என வைத்துவிட்டு அங்கங்கே அவிழ்ப்பது நல்லது. பையைக் கொண்டுபோக மேலே ஓடும் மோனோரயில் இருக்கும் ஆலைகள் அதிர்ஷ்டம் செய்தவை. இல்லாதவர்கள் தள்ளுவண்டி வாங்குவார்கள். அதில் நான் செய்த பிழையைச் சொல்கிறேன்: சிறிய சக்கரம் கொண்ட நான்கு வண்டிகளை வாங்கிவைத்தேன், தளத்தின் நடுவே ஓடிய வடிகால் இடுக்கில் ஒவ்வொரு முறையும் சக்கரம் சிக்கி, வண்டியைச் சுமையோடு தூக்கிவிட வேண்டியதாயிற்று. ஒரு வாரத்தில் நான்கும் மூலைக்குப் போய்விட்டன. வண்டி வாங்குவதற்கு முன் தரையைச் சரி செய்யுங்கள், பெரிய சக்கரமாக வாங்குங்கள், கைப்பிடி முழங்கை உயரத்துக்கு வருகிறதா என்று பாருங்கள், இழுப்பதைவிடத் தள்ளும்படி அமையுங்கள்.

இயந்திரத் தளமும் அடுப்படியும்

சிடிசி அறையில் எடையைவிட இரைச்சலும் குறுகிய இடமும்தான் பெரிய தொல்லை. ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால் இரைச்சல் 85 டெசிபெலை எட்டியிருக்கும் என்று கொண்டு காதடைப்பான் கொடுங்கள். கன்வேயரின் அடியில் சிதறும் தூளைக் குந்தி உட்கார்ந்து கூட்டுவதற்குப் பதிலாக அங்கே ஒரு சாய்தட்டு பொருத்தினால் சிதறல் ஓரத்துக்கு வந்துவிடும். ரோலர் மாற்றும்போது, சங்கிலியால் பாரம் தூக்கும் செயின் பிளாக் இல்லாமல் தோள் கொடுக்க யாரையும் விடாதீர்கள். எந்தச் சுத்தம் செய்தாலும் மின்சாரத்தை நிறுத்தி, பூட்டி, சாவியைச் சுத்தம் செய்கிறவரே தன்னிடம் வைத்திருக்க வேண்டும்.

ட்ரையருக்கு வெப்பம் கொடுக்கும் அடுப்பில் விறகு போடுகிறவரின் வேலை நம் ஆலைகளில் அதிகம் கவனிக்கப்படாதது. அடுப்பு வாய் தாழ்வாக இருக்கிறது, விறகு தரையில் கிடக்கிறது, அவர் குனிந்து எடுத்துத் திரும்பிக் குனிந்து எறிகிறார். விறகை முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவான உயரத்தில் ஒரு இரும்புத் தாங்கியில், அடுப்புக்கு எதிரில் அல்லாமல் பக்கவாட்டில் இரண்டு எட்டு தள்ளி அடுக்குங்கள். அந்த இரண்டு எட்டு, அவர் இடுப்பைத் திருப்பாமல் காலை எடுத்துவைத்துத் திரும்புவதற்காக. பெரிய கட்டைகளைப் பகலிலேயே ஓர் ஆள் எளிதாகத் தூக்கும் அளவுக்குப் பிளந்துவைக்கச் சொல்லுங்கள். அடுப்பின் வெப்பத்திலிருந்து வெளியே வந்தால் பனிமூட்டம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் அந்த மாற்றம் தசையைச் சட்டென்று இறுக்குகிறது. வாசலருகே ஒரு கம்பளி உடையும் குடிநீரும் இருக்கட்டும். குளிரில் தாகம் தெரியாது என்பதால் வியர்ப்பவர் தண்ணீர் குடிக்க மறந்துபோகிறார்.

மலைக்கே உரிய இன்னொரு செய்தி கை விறைப்பது. குன்னூர் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி அதற்கும் மேலே. விறைத்த விரல் ஒரு கருவியைப் பிடிக்கத் தேவைக்கு அதிகமாக அழுத்துகிறது, அந்த அழுத்தம் மணிக்கட்டில் சேர்கிறது. குளிர்கால அதிகாலையில் பாரம் தூக்கும் முன் ஐந்து நிமிடம் கையையும் தோளையும் அசைத்துச் சூடேற்றிக்கொள்ள நேரம் கொடுப்பது செலவு இல்லாத உதவி.

சல்லடையும் மூட்டை கட்டுமிடமும்

இங்கேதான் மிகக் குறைந்த செலவில் மிக அதிகம் மாற்றலாம். எடை பார்க்கும் மேடையும் மூட்டை வாயைத் தைக்கும் இடமும் அடுக்கும் இடத்தின் முதல் வரிசையும் ஒரே மட்டத்தில் இருந்து, நடுவே ஓர் உருளைப் பாதை இருந்தால், மூட்டை நிரம்பியதிலிருந்து அடுக்குக்குப் போகும்வரை அதைத் தூக்கவே வேண்டாம், தள்ளினால் போதும். உருளைப் பாதைக்குப் பணம் இல்லாதபோது நாங்கள் வழுவழுப்பான தகடு அடித்த ஒரு நீள பெஞ்சை வைத்துப் பார்த்தோம், அதுவே பாதி வேலையைச் செய்தது. அடுக்கை மார்பு உயரத்துக்கு மேல் போக விடாதீர்கள். இடம் போதாவிட்டால் மேல்வரிசைக்கு இருவர் சேர்ந்து தூக்கட்டும், இருவரும் ஏறக்குறைய ஒரே உயரமாக இருக்கட்டும்.

சல்லடைப் பிரிவில் எட்டு மணிநேரம் சிமெண்ட் தரையில் நிற்கிறவர்களுக்கு ரப்பர் விரிப்பும், ஒரு காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொள்ள 15 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கம்பியும் கொடுத்தால் இடுப்பின் பாரம் நன்றாகக் குறையும். இருக்கையும் வேண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, நின்று வேலை செய்ய வேண்டியவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார வசதி இருக்க வேண்டும் என்று எழுதியது. 34-ஆம் பிரிவு, உடலுக்குக் கேடு தரக்கூடிய எடையை எவரையும் தூக்கவைக்கக் கூடாது என்றது. ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்களுக்கு அதே உரிமை தமிழ்நாட்டில் 2021-இல்தான் சட்டமாயிற்று. தொழிற்சாலைக்கு அது 73 ஆண்டுகள் முந்தியே வந்துவிட்டது என்பதை உங்கள் மேலாளருக்கு நினைவூட்டலாம். ஆனால் இருக்கை வாங்கி வைத்தால் மட்டும் யாரும் உட்கார மாட்டார்கள். எங்கள் ஆலையில் முதல் மாதம் முழுதும் அவை காலியாகவே கிடந்தன. காரணம் கேட்டபோது, நான் வரும்போதெல்லாம் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கிற என் பார்வைதான் என்று ஓர் அக்கா சொன்னார். அதன் பிறகு, மணிக்கு ஒரு முறை இன்னார் இன்னார் உட்கார வேண்டும் என்று நானே வரிசை எழுதி ஒட்டினேன். இருக்கை மேசைக்கு ஏற்ற உயரத்தில், பாதி நின்று பாதி அமரும் விதமாக இருக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் விளங்கியது. வீட்டு ஸ்டூல் உயரத்தில் இருந்தால் கை தோளுக்கு மேல் போய்விடுகிறது.

எப்போது செய்வது, யாரிடம் கேட்பது

கோடை மழைக்குப் பின் இலை குவியும் மாதங்களில் எதையும் மாற்ற முயலாதீர்கள். புதிய முறையைப் பழக அப்போது யாருக்கும் மூச்சுவிட நேரம் இராது. உறைபனியால் வரத்து குறைந்திருக்கும் ஜனவரி, பிப்ரவரிதான் வெல்டிங் வேலைக்கும் தரை பூசுவதற்கும் ஏற்ற காலம். முதலாளியிடமோ கூட்டுறவு ஆலையின் நிர்வாகக் குழுவிடமோ போகும்போது தூக்கும் கணக்கையும், புள்ளி வைத்த தாளையும், இரண்டு நிமிடப் படத்தையும் கொண்டு போங்கள். விலைப்பட்டியலை அதற்குப் பிறகு எடுங்கள். மரத்தாலோ கல்லாலோ தற்காலிகமாக உயரத்தை மாற்றி ஒரு வாரம் வேலை செய்து பார்த்துவிட்டு, அந்த உயரம் சரி என்று வேலை செய்கிறவர்களே சொன்ன பிறகு இரும்பில் நிரந்தரமாகச் செய்யுங்கள். எங்கள் சல்லடைப் பிரிவுத் தொட்டியின் விளிம்பை எவ்வளவு இறக்க வேண்டும் என்று நான் போட்ட கணக்கு எட்டு அங்குலம். செங்கல் அடுக்கிப் பார்த்து அந்த அக்காமார் முடிவு செய்தது ஆறு. ஆறுதான் சரியாக இருந்தது.

மாற்றம் செய்து ஒரு மாதம் கழித்து, அதே பிரிவில், அதே நேரத்தில், அதே மூத்த அக்காவிடம் புதிய தாளைக் கொடுத்து மறுபடியும் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். தோளில் இருந்த புள்ளிகள் குறைந்து கழுத்திலோ மணிக்கட்டிலோ புதிதாக விழுந்திருந்தால், உயரம் இன்னும் சரியாக அமையவில்லை அல்லது கருவியின் பிடி சரியில்லை என்று பொருள். மறுபடி அளவு நாடாவை எடுங்கள். இரவு முறைக்காரர்களின் தாளைத் தனியாக வாங்குங்கள், ஏனென்றால் பகலில் வேலை செய்கிறவர்கள் தங்களுக்கு ஏற்றபடி வைத்த மிதிபலகையும் தாங்கியும் இரவில் வேறு உயரக்காரருக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடும். இரண்டு தாள்களையும் தேதி எழுதிப் பராமரிப்பு நோட்டோடு சேர்த்து வையுங்கள். உங்களுக்குப் பிறகு வருகிறவர் அந்த ஆறு அங்குலத்தை ஏன் இறக்கினோம் என்று தெரியாமல் பழைய உயரத்துக்கே மாற்றிவிடாமல் இருக்க அது உதவும்.